அழைக்கப்பட்டவள்

ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பெரிய தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அண்ணிக்கு இருமல் நின்றதா? குருமடப் பள்ளியில் சாமியாராகப் படிக்க, உங்கள் லத்தீன் வகுப்புக்குப் புதுப் பையன்கள் வந்துவிட்டார்களா, இல்லை, உங்கள் பெயரைக் கேட்டதுமே வேறு பள்ளிக்கு ஓடிவிட்டார்களா?

அவரும் சுகம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை அதிகம். எனக்குத் தையல் கம்பெனியில் இன்னும் காஜா மெஷின்தான். நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பட்டன் ஓட்டை போட்டுப் போட்டு, கண்ணை மூடினாலும் ஓட்டையாகத் தெரிகிறது.

ஒரு சின்னச் சந்தேகம். பழைய ஜெபப் புத்தகம் ஒன்றில் 'சித்தாத்தா' என்று ஒரு லத்தீன் சொல் பார்த்தேன். சித்தி, சித்தப்பா வரிசையில் யாரோ தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்? அவசரம் ஒன்றும் இல்லை. சீக்கிரம் எழுதினால் நல்லது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை


ஜூன் 17

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இருமல் என்னிடமிருந்து அண்ணிக்குப் போய், மறுபடி என்னிடமே வந்துவிட்டது. மற்றபடி சௌக்கியம்.

உன் கடிதத்தை அண்ணிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். லத்தீன் புத்தகத்தைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டவள் இந்த வயதில் தானாக வந்து சந்தேகம் கேட்கிறாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் என் வகுப்பில் ஒரு விதி உண்டு. தங்கையானாலும் விதி விதிதான். சொல்லுக்கு அர்த்தம் கேட்டு யாரும் என்னிடம் வரக்கூடாது. முதலில் அந்தச் சொல்லை எல்லா வேற்றுமைகளிலும் அடுக்கிக் காட்ட வேண்டும். பிழையில்லாமல் அடுக்கியவனுக்கே அர்த்தம். அர்த்தத்தை முதலில் கொடுத்துவிட்டால் அதை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அப்புறம் இலக்கணத்தை யார் படிப்பது?

நீ கேட்டது எச்ச வகையைச் சேர்ந்தது. வினையின் வயிற்றில் பிறந்து பெயர்ச்சொல்லின் வீட்டில் வாழ்க்கைப்பட்டது. பிறந்த வீட்டுக் குணத்தை விடாது. புகுந்த வீட்டு முறைகளுக்கெல்லாம் வளைந்து கொடுக்கும். 'ரோசா' என்ற சொல்லை வைத்து ஒரு மாதிரி அடுக்கு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்து எழுதி அனுப்பு.

அது சரி, வீட்டிலேயே என் மாணவன் இருக்கும்போது என்னை ஏன் கேட்கிறாய்? இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே தங்கத் தலை. சாமியாராகாமல் போனாலும் என் தங்கைக்கு மாப்பிள்ளையாக வந்தானே. அவனைக் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிடுவான்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 20

அடியே சின்னவளே,

நலமா? உன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உன்னிடம் திட்டு வாங்கியே குணமாகிக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். நான் நலம் என்று அண்ணனுக்கு எழுதினேன். உனக்கு அப்படி எழுத முடியவில்லை.

என் வீட்டுக்காரர் ஜனவரியிலேயே வீட்டைவிட்டுப் போய்விட்டார். ஆபீஸில் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறாராம். போன மாதம் சட்டைகளை எடுத்துப் போக வந்தார். பீரோ கதவைப் பிடித்துக்கொண்டே சொல்கிறார்: "நமக்குள்ள நடந்தது கல்யாணமே இல்லைன்னு திருச்சபையோட திருமணத் தீர்ப்பாயத்துல எழுதிக் குடுத்திருக்கேன். உனக்கு ஒரு காகிதம் வரும். சும்மா தகவலுக்குத்தான். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்."

கல்யாணம் முறிந்தது என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பேன். நடக்கவே இல்லையாம்! ஒன்பது வருஷம் இவருக்குத் துவைத்துப் போட்டது, இவர் அம்மா படுக்கையில் கிடந்தபோது அள்ளிக் கொட்டியது, எல்லாம் யார், பக்கத்து வீட்டுக்காரியா?

காகிதம் வந்துவிட்டது. மூன்று பக்கமும் லத்தீன். என் பெயருக்குப் பக்கத்தில் 'சித்தாத்தா' என்று இருக்கிறது. தீர்ப்பாயம் இருக்கிற ஆயர் இல்லத்து வாசலில் போய்க் கேட்டேன். "லத்தீன்லதான் வரும், தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். எங்கள் கோயில் பங்குச் சாமியாரைக் கேட்கலாம் என்றால், அந்த மனுஷனுக்காகச் சாட்சிக் கடிதம் கொடுத்ததே இந்தச் சாமியார்தான். அண்ணனைக் கேட்டேன். ரோசாப்பூ அடுக்கு அனுப்பியிருக்கிறார்.

அண்ணனிடம் நீ வாயைத் திறக்கக் கூடாது. இன்னும் மாப்பிள்ளையைத் தங்கத் தலை என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. சொன்ன மறுநிமிஷம் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொள்வார். பிறகு இது என் விஷயமாகவே இருக்காது. எனக்கு அந்த மனுஷன் திரும்பி வர வேண்டாம். எனக்கு நடந்ததை நான் போய் என் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலம்தானே? நீங்கள் சொன்னபடி அடுக்கி அனுப்பியிருக்கிறேன். சித்தாத்தா, சித்தாத்தே, சித்தாத்தே, சித்தாத்தம், சித்தாத்தா. பன்மை பின்பக்கத்தில். மதியச் சாப்பாட்டு வேளையில் மெஷின் மேலேயே வைத்து எழுதினேன். அதனால்தான் எண்ணெய்க் கறை.

அர்த்தத்தை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

உங்கள் தங்கை


ஜூலை 12

அன்புத் தங்கைக்கு,

நலம். பரீட்சைத் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததால் தாமதம்.

உன் அடுக்கைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தை அண்ணி தண்ணீர் கொடுத்துத்தான் தணித்தாள். ஒருமை சரி. பன்மையில் 'சித்தாத்தோரும்' என்று எழுதியிருக்கிறாயே, அது ஆண்பால் அல்லவா! பெண்கள் வரிசையில் ஓர் ஆணைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்திருக்கிறாய். 'சித்தாத்தாரும்' என்று வர வேண்டும். மாதிரியைப் பார்த்து எழுதவே இத்தனை அலட்சியமா? மாப்பிள்ளையிடம் காட்டியிருந்தால் அவனே காதைத் திருகியிருப்பான்.

மூன்று பாலுக்கும் அடுக்கி அனுப்பு. ஆண்பால், அஃறிணை மாதிரிகளும் வைத்திருக்கிறேன். அர்த்தம் எங்கேயும் ஓடிவிடாது.

அண்ணன்


ஜூலை 15

அக்கா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. நீ நலமில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் கொதித்துப் போயிருக்கிறேன்.

அண்ணன் எழுதியதை நீ போனில் படித்துக் காட்டியபோது என் கையில் ஊசி இருந்தது. அந்த நேரம் அவர் பக்கத்தில் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம். இங்கே ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் "முதல்ல நெஞ்சுங்கற சொல்லுக்கு எல்லா வேற்றுமையும் சொல்லுங்க" என்றா நாங்கள் கேட்கிறோம்?

எங்கள் ஆஸ்பத்திரிச் சாமியாரிடம் காட்டுகிறேன் என்றால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்கிறாய். அண்ணனிடம் உண்மையைச் சொல் என்றால் மாட்டேன் என்கிறாய். அக்கா, உனக்கு வீம்பு, அவருக்கு விதி. நடுவில் அந்த மனுஷன் மாலையும் கழுத்துமாக நின்றுவிடுவான். நீ ஆகஸ்டுக்குள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். பேச்சை மீறினாள் என்று என்னோடு பேசாமல் இருந்தாலும் இரு.

சின்னவள்


ஜூலை 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். அண்ணி நலமா?

மூன்று பாலையும் அடுக்கியிருக்கிறேன். ஒருமை, பன்மை எல்லாம் இருக்கிறது. கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டு எழுதினேன். அதே ஜெபப் புத்தகத்தில் இப்போது இன்னோர் இடத்தில் 'இத்தெரும் சித்தாத்தா' என்று வருகிறது. புதிதாக முன்னால் வந்திருக்கிற அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்காவது ஒரு புள்ளி தவறியிருந்தாலும் அர்த்தத்தை எழுதிவிடுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 14

அன்புத் தங்கைக்கு,

சபாஷ்! ஒரு பிழைகூட இல்லை. உன் அடுக்கை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் காட்டினேன். வாரக் கடைசியில் பதில் போடலாம் என்று வைத்திருந்தது, பள்ளி விழா வேலையில் தள்ளிப்போய்விட்டது. எல்லாரும் நலம்.

இதோ உனக்கு உரியது. 'சித்தாத்தா' என்றால் அழைக்கப்பட்டவள். சும்மா வா என்று கூப்பிடுவது இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் முறைப்படி ஆள் அனுப்பியோ ஓலை அனுப்பியோ, வந்து நில் என்று அழைப்பது. 'இத்தெரும்' என்றால் மறுபடியும். அது எந்த வேற்றுமையும் ஏற்காத சொல். ஆகவே அதன் அர்த்தத்தை உனக்கு இலவசமாகவே தருகிறேன்.

ஆனால் இது எந்த ஜெபப் புத்தகம்? ஒரு பெண்ணை இரண்டு தடவை ஆள் விட்டு அழைத்தும் அவள் வரவில்லை போலிருக்கிறது. யார் அந்தப் புனிதை?

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

அண்ணன்


ஆகஸ்ட் 22

அண்ணனுக்கு,

அந்தப் புனிதை உங்கள் தங்கை.

ஜெபப் புத்தகமும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் தங்கத் தலை அக்காவை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வதற்காக, அக்காவுடன் நடந்தது கல்யாணமே இல்லை என்று தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். ஜூன் மாதம் அக்காவுக்கு வந்த அழைப்பில்தான் அந்தச் சொல் இருந்தது. ஜூலையில் இரண்டாவது அழைப்பு. உங்கள் கடிதம் வந்து அர்த்தம் தெரிந்த அன்றே மூன்றாவது காகிதமும் வந்துவிட்டது. அதில் 'அப்சென்ஸ் தெக்ளராத்தா' என்று இருக்கிறது. தயவுசெய்து அதற்கும் அடுக்கு கேட்காதீர்கள்.

அக்காவுக்குத் தெரியாமல் மூன்றையும் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக ஒருத்தி கதவைத் தட்டித் தட்டிக் கேட்டிருக்கிறாள். நீங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு ஆண்பாலா பெண்பாலா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எனக்கு வருகிற வார்த்தைகளை அண்ணன் என்ற மரியாதைக்காக எழுதாமல் விடுகிறேன்.

அண்ணி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சின்னவள்


ஆகஸ்ட் 29

தங்கைக்கு,

சின்னவள் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே. கோபப்பட வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மூன்று காகிதங்களையும் படித்தேன். கடைசியில் வந்த காகிதத்தின் பொருள், அழைத்தும் வராதவள் என்று உன்னை அறிவித்தாயிற்று என்பது. அழைத்தது புரியாதவள் எப்படி வருவாள்? புரியாத பாஷையில் கூப்பிட்டுவிட்டு, வரவில்லை என்று எழுதிவைக்கிறவர்களுக்கு என்ன பெயர் வைப்பது? ஆயருக்கே எழுதியிருக்கிறேன்.

முதல் காகிதத்தின் மூன்றாவது பக்கத்தில் அந்தப் பயல் காட்டியிருக்கும் காரணம் உனக்குத் தெரியாது. உன் மனச் சம்மதம் இல்லாமல், உன் அண்ணனுடைய வற்புறுத்தலுக்கும் அண்ணன்மேல் இருந்த பயத்துக்கும் பணிந்து நீ கழுத்தை நீட்டினாயாம். அதனால் கல்யாணம் செல்லாதாம். நானா வற்புறுத்தினேன்? அப்பா போன பிறகு உங்கள் இரண்டு பேரையும் தோளில் சுமந்தவன் நான்! அந்த வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. நான் சொல்லிக் கொடுத்த லத்தீன்.

தீர்ப்பு இன்னும் எழுதவில்லை. அதற்கு முன் நீ நேரில் போனால் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உடனே போ. என்ன சொல்ல வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துகொள். அண்ணன் வற்புறுத்தவே இல்லை, முழு மனதோடு சம்மதித்தேன் என்பதை முதலில் சொல்.

என் வகுப்பு விதியைப் பற்றிச் சின்னவள் எழுதியிருப்பது அதிகப்பிரசங்கித்தனம். நீ முதல் கடிதத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அடுக்கு கேட்டிருப்பேனா?

அண்ணன்


அக்டோபர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

தீர்ப்பாயத்துக்குப் போய்வந்தேன். ஆயர் இல்லத்து மாடியில், கடைசி அறை. நீளமான மேசை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. ஜலதோஷம் பிடித்த ஒரு வயதான சாமியார்தான் நீதிபதி. டைப் மெஷின் முன்னால் ஓர் எழுத்தர். "உங்களை யாரும்மா இன்னைக்கு வரச் சொன்னது?" என்று எழுத்தர் அதட்டினார். "நீங்கதான், ரெண்டு தடவை. இப்பதான் புரிஞ்சுது" என்றேன். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைக் காட்டினார்.

நீங்கள் எழுதிக் கொடுத்த நான்கு பக்கமும் பையில் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

நீதிபதி நேராகவே கேட்டார்: "இந்தக் கல்யாணத்துக்கு உங்க அண்ணன் உங்களை வற்புறுத்தினாரா?" இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் பெயர் தப்பிக்கும், அந்த மனுஷன் தோற்றுப்போவார். அவர் தோற்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தது தெரியுமா? ஆனால் ஒரு தடவையாவது என் வாயால் சொல்ல வேண்டும் என்று இத்தனை மாதம் அலைந்துவிட்டு, அங்கே போய் உங்கள் வாயால் பேசவா?

"வற்புறுத்தணும்னா முதல்ல கேட்கணும் ஃபாதர். கேட்டு, நான் மாட்டேன்னு சொல்லி, அதுக்கப்புறம் மிரட்டினாத்தானே வற்புறுத்தல்? என்னை யாரும் கேட்கவே இல்லை. அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் அண்ணன் சொன்னார். வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டே சொன்னார். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகணும்னு வாயெடுத்தேன். அவர் அதுக்குள்ள உள்ள போயிட்டார்" என்றேன்.

டைப் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "அப்போ உங்களுக்குச் சம்மதம் இல்லை, அப்படித்தானே?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! மேசையில் கையை வைத்து எழுந்துவிட்டேன்.

"அன்னைக்கு இல்லை. முதல் வருஷம் அண்ணன் சொன்னாரேன்னு இருந்தேன். அப்புறம் நானாத்தான் இருந்தேன். அவங்க அம்மா சாகுற வரைக்கும் பார்த்தது என் சம்மதம். அவருக்கு வேலை போனப்ப ரெண்டு ஷிப்ட் காஜா போட்டது என் சம்மதம். என்னைக் கட்டாயப்படுத்திட்டாங்கன்னு எனக்காகப் பரிதாபப்பட்டு வழக்குப் போட்டிருக்காரே, அவர் ஒரு நாளாவது 'உனக்கு இது பிடிச்சிருக்கா'ன்னு கேட்டிருப்பாரா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்களும் இன்னைக்குத்தான் கேட்கறீங்க. நீங்க எப்படி வேணா தீர்ப்பு எழுதிக்கோங்க. ஆனா நான் சொன்ன ரெண்டு பாதியையும் எழுதுங்க. ஒரு பாதியை மட்டும் எடுத்துக்காதீங்க."

எழுத்தர் கையை நிறுத்திவிட்டு, "இதை லத்தீன்ல எப்படிப் போடறது ஃபாதர்?" என்றார். "அவங்க சொன்னபடியே போடு" என்றார் நீதிபதி. படித்துக் காட்டச் சொன்னேன். ஓர் இடத்தில் 'பணிவுடன் கூறினார்' என்று இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

நான் சொன்னதால் நீங்கள் வற்புறுத்தினீர்கள் என்றுதான் தீர்ப்பில் வரும். எனக்கு அது தெரிந்தேதான் சொன்னேன். முதல் கடிதத்தில் உண்மையைச் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்வதற்கு முன்னால் எத்தனை அடுக்கு போட வேண்டும் என்று எனக்குப் பயமாக இருந்தது அண்ணா. அன்று நான் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு சொல்லின் அர்த்தம்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


டிசம்பர் 11

அன்புத் தங்கைக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம்தான். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

தீர்ப்பின் பிரதி எனக்கும் வந்தது. உங்கள் கல்யாணம் செல்லாது என்று எழுதிவிட்டார்கள். அண்ணனின் வற்புறுத்தலால் என்று என்னை அதில் நிரந்தரமாக உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் நீ சொன்னது முழுவதும், இரண்டு பாதியும், கூடவே இருக்கிறது. ஆயர் இல்லத்து அலமாரியில் அந்த லத்தீன் காகிதங்களுக்கு நடுவில் உன் பேச்சு நம் பாஷையிலேயே இருக்கும்.

அதைப் படித்துவிட்டு அண்ணியிடம் குதித்தேன். "ஊர்ல எந்த அண்ணன் தங்கச்சியைக் கேட்டுக் கல்யாணம் பேசறான்? உன்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப நான் கேட்கலையா?" என்றேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க அப்பாவைக் கேட்டீங்க" என்றாள்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். இனி நீ அங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று தீர்மானித்து, பின்கட்டு அறையைக் காலி செய்து, வெள்ளையடிக்க ஆளையும் வரச் சொல்லிவிட்டேன். வாளியும் மட்டையுமாக அவன் வந்து நின்றான். அண்ணி வாசலுக்கு வந்து, "அவளைக் கேட்டீங்களா?" என்றாள்.

ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இங்கே வருகிறாயா, அங்கேயே இருக்கிறாயா, வேறு ஏதாவது செய்ய நினைத்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். என்னால் ஊகிக்கக்கூட முடியவில்லை. அதனால் கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும்? எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுது. அதுவரை அறை வெள்ளையடிக்காமலே கிடக்கட்டும்.

அண்ணன்